ஐந்து வோல்ட் கோடை

கோவில்பட்டிக்கு வெளியே, கரிசல் காட்டின் நடுவில் ஒரு பொறியியல் கல்லூரி. மே மாதம், கத்திரி வெயில். கல்லூரிப் பிள்ளைகள் தேர்வு முடிந்து ஊருக்குப் போய்விட்டார்கள். முதல் மாடியில் எலெக்ட்ரானிக்ஸ் லேப் மட்டும் திறந்திருக்கிறது. எட்டாவது முதல் பதினொன்றாவது வரை படிக்கிற பிள்ளைகள் மேசைக்கு இரண்டு பேராக உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு வார முகாம். காலையில் எலெக்ட்ரானிக்ஸ், மதியத்துக்கு மேல் புரோகிராமிங் என்று அட்டவணை எழுதிக் கதவில் ஒட்டியிருக்கிறார்கள். பழைய ஆசிலாஸ்கோப்புகள் அடுக்கிய பீரோவுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு ஸ்டூல். யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுக்கக் கூடாது, நடுவில் வாய் திறக்கக் கூடாது என்ற ஒப்பந்தத்தின் பேரில் உட்காரவைத்திருக்கிறார்கள்.

முதல் நாள் காலையில் ஒரு பிள்ளையும் எதையும் தொடவில்லை. மேசைக்கு மேசை ஒரு பிளாஸ்டிக் டப்பா வைத்திருந்தார்கள். உள்ளே ஆர்டுயினோ போர்டு, பிரெட்போர்டு, கட்டுக் கட்டாக ஜம்பர் ஒயர், பட்டையாகக் காகிதத்தில் ஒட்டிய ரெசிஸ்டர்கள், கலர் கலராக எல்.இ.டி. மூடி திறந்தே கிடக்கிறது. பிள்ளைகள் கையை மடியில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்க்கிறார்கள். பள்ளிக்கூட லேப்பில் பழகிய கைகள் அப்படித்தான் இருக்கும். அங்கே அலமாரிக்குப் பூட்டு. பூட்டைத் திறந்தாலும் முதலில் கேட்கிற சொல் ‘தொடாதே’. ஒரு கருவியைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்று, ஒருவன் மட்டும் அளந்து, மற்றவர்கள் அவன் எழுதியதைப் பார்த்து எழுதி நோட்டை முடித்த பிள்ளைகள் இவர்கள்.

பாடம் எடுப்பவர்கள் இதே கல்லூரியில் மூன்றாம் வருஷம் படிக்கிறவர்கள். பிள்ளைகளுக்கு அவர்கள் அண்ணா, அக்கா. ஒரு அக்கா முன்னால் வந்தாள். ஒன்பது வோல்ட் பேட்டரி ஒன்றை உயர்த்திக் காட்டினாள். சிவப்பு எல்.இ.டி. ஒன்றை எடுத்து, ரெசிஸ்டர் எதுவும் போடாமல், அதன் இரண்டு காலையும் பேட்டரியின் இரண்டு முனையில் நேராக வைத்தாள். பளீரென்று ஒரு வெளிச்சம். அடுத்த கணம் ஆரஞ்சாக மங்கி அணைந்தது. கருகிய வாடை முன்வரிசை வரைக்கும் வந்தது.

“செத்துப்போச்சு. விலை ரெண்டு ரூபா. இன்னைக்கு ஆளுக்கு மூணு எரிக்கலாம். யாரும் திட்ட மாட்டோம்.”

சிரிப்பு கிளம்பியது. அதற்குப் பிறகுதான் டப்பாக்களுக்குள் கை போனது. அந்த முகாமில் நடந்த மற்ற எல்லாம் இந்தச் செத்துப்போன எல்.இ.டி.யிலிருந்து தொடங்கியதாகவே நான் நினைக்கிறேன். பொருள் கெட்டால் கெடட்டும் என்று ஒரு பெரியவர் வாயால் சொல்லக் கேட்பது நம் பிள்ளைகளுக்கு அவ்வளவு அபூர்வம். கணக்கு அதற்கப்புறம் வந்தது. போர்டு தருவது 5 வோல்ட், சிவப்பு எல்.இ.டி. எடுத்துக்கொள்வது ஏறக்குறைய 2 வோல்ட், மீதம் 3. அதை 220 ஓம் ரெசிஸ்டர் தாங்கினால் ஓடுகிற மின்னோட்டம் 14 மில்லி ஆம்பியருக்குள் அடங்கும். எல்.இ.டி. பத்திரம். ஓம் விதியை ஏற்கெனவே மனப்பாடம் செய்தவர்கள்தான் பலரும். எரிந்த வாடை மூக்கில் இருக்கும்போது போட்ட கழித்தலையும் வகுத்தலையும் ஒருவரும் நோட்டில் எழுதிக்கொள்ளக்கூட இல்லை. தேவைப்படவில்லை.

மேசையில் கிடக்கிற அந்தப் போர்டு 2005இல் இத்தாலியில் இவ்ரியா என்கிற ஊரில் உருவானது. மாசிமோ பான்சி, டேவிட் குவார்ட்டியல்ஸ் முதலானவர்கள், எலெக்ட்ரானிக்ஸ் படிக்காத வடிவமைப்பு மாணவர்களும் கையாளும்படி குறைந்த விலையில் ஒன்று வேண்டும் என்று செய்தார்கள். அவர்கள் வழக்கமாகக் கூடிய மதுக்கடையின் பெயரே போர்டுக்கும் பெயராயிற்று. அந்தக் கடைக்கோ 1002இல் இத்தாலிக்கு அரசனான ஆர்டுயின் பெயர். வரைபடத்தை ஒளிக்காமல் உலகத்துக்கே கொடுத்துவிட்டதால் யார் வேண்டுமானாலும் அதைச் செய்து விற்கலாம். சென்னை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்கு நகல் போர்டு கிடைப்பதற்கு அதுதான் காரணம். இங்கே இருப்பவை எல்லாம் நகல்தான். வேகம் 16 மெகாஹெர்ட்ஸ், புரோகிராம் வைக்க இடம் 32 கிலோபைட், தற்காலிக நினைவு வெறும் 2 கிலோபைட். பிள்ளைகளின் வீட்டில் இருக்கிற மிக மலிவான ஸ்மார்ட்போனுக்கு முன்னால் இது ஒன்றுமேயில்லை. ஆனால் போன் தன் வயிற்றைத் திறந்து காட்டாது. இதில் பதினான்கு டிஜிட்டல் கால்களும் வெளியே நிற்கின்றன. எந்தக் காலில் என்ன நடக்கிறது என்று மீட்டர் வைத்துப் பார்த்துவிடலாம்.

முதல் புரோகிராம் எல்லோருக்கும் ஒன்றுதான். பதின்மூன்றாம் காலோடு இணைந்த குட்டி எல்.இ.டி. போர்டிலேயே இருக்கிறது. அதை ஒரு நொடி எரியவிட்டு ஒரு நொடி அணைக்க வேண்டும். மேசைகள் ஒவ்வொன்றாக மினுக்கத் தொடங்கின. ஜன்னலோரம் நீலச் சட்டை போட்ட பையன் ஒருவனுக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. போர்டில் பவர் விளக்கு எரிகிறது, கம்ப்யூட்டருக்கோ போர்டு இருப்பதே தெரியவில்லை. டிரைவரைத் திரும்பத் திரும்ப ஏற்றினான். பிரச்சினை கேபிளில். வீட்டில் பவர் பேங்குக்கு வைத்திருந்ததைக் கொண்டுவந்திருக்கிறான். அதில் சார்ஜ் ஏற்றும் இரண்டு கம்பிதான் உண்டு, தகவல் போகிற கம்பிகள் கிடையாது. பக்கத்து மேசைக் கேபிளை வாங்கிச் செருகியதும் மினுக்கியது.

பின்னால் வந்ததற்கு ஈடுகட்டுவதைப் போல் அவன் நிற்கவில்லை. 1000 என்றிருந்த இடத்தில் 500 போட்டான். பிறகு 100. பிறகு 50. மினுக்கல் படபடப்பாகி, 10 போட்டபோது நின்றுபோனது. எல்.இ.டி. ஒரேயடியாக எரிவதாகத் தெரிகிறது. போர்டைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தான். இல்லை, எரிந்துகொண்டேதான் இருக்கிறது. புரோகிராமைப் பார்த்தான். அணைக்கச் சொல்லித்தான் எழுதியிருக்கிறான். சற்று நேரம் சும்மா இருந்தான். பிறகு என்ன தோன்றியதோ, போர்டைக் கேபிளோடு கையில் பிடித்து இடமும் வலமுமாக வேகமாக ஆட்டினான். காற்றில் ஒற்றைக் கோடு வரவில்லை. துண்டு துண்டாக, இடைவெளி விட்டு விட்டுக் கோடுகள். அணைந்து அணைந்துதான் எரிகிறது, கண்ணுக்குத்தான் பிடிபடவில்லை.

“ஏல, இங்க பாரு!”

இது யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்காதது. அன்றைய பாடத்திலும் இல்லை. பிலிமில் ஓடும் சினிமாவில் படத்துக்குப் படம் நடுவே வரும் இருட்டு நமக்குத் தெரியாமல் போவதும் கண்ணின் இதே குணத்தால்தான் என்று அவனிடம் சொல்ல எனக்கு நாக்கு துறுதுறுத்தது. ஒப்பந்தம் இருந்ததால் தப்பித்தான். ஐந்து நிமிஷத்தில் லேப் முழுக்கப் போர்டுகள் காற்றில் ஆடின. பாடம் எடுத்துக்கொண்டிருந்த அண்ணா அட்டவணையைப் பார்க்கவில்லை. தானும் ஒரு போர்டை எடுத்து ஆட்டிப் பார்த்தான்.

இப்படிச் சொல்வதால் எல்லாம் தானாக நடந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டாம் நாளிலேயே ஒன்று கண்ணில் பட்டது. பையனும் பெண்ணும் சேர்ந்து உட்கார்ந்த மேசைகளில் மவுஸ் பையன் கையில் இருந்தது. பெண் நோட்டு எழுதினாள். ஒருவரும் அப்படி ஏற்பாடு செய்யவில்லை, சண்டையும் இல்லை, அது பாட்டுக்கு அமைந்துவிட்டது. ஆங்கிலப் பள்ளிப் பிள்ளையும் தமிழ்வழிப் பிள்ளையும் சேர்ந்த மேசைகளிலும் அதே கதை. கீபோர்டு ஆங்கிலம் பக்கம் இருந்தது. அக்காவும் அதைக் கவனித்திருக்க வேண்டும். மதியம் ஒரு விதி வந்தது. மவுஸ் பிடிப்பவர் வாய் பேசக் கூடாது. பேசுபவர் எதையும் தொடக் கூடாது. இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். கம்பெனிகளில் புரோகிராமர்கள் ஜோடியாக உட்கார்ந்து வேலை செய்யும் முறை அது. முதல் சுற்றில் பையன்கள் கை பரபரக்கத் தவித்தார்கள். பெண்கள் மவுஸைப் பிடித்துக்கொண்டு, சொன்னதை மட்டும் செய்தார்கள். இரண்டாவது முறை மாறும்போது ஒரு பெண், “நீ சொல்றது தப்பு, நான் போட மாட்டேன்” என்றாள். பேசக் கூடாது என்ற விதி அதோடு உடைந்தது. அக்கா கண்டுகொள்ளவில்லை.

அந்தப் பெண்ணை அதற்குப் பிறகு அடிக்கடி பார்த்தேன். இரட்டைச் சடை, பத்தாவது முடித்தவள். அவள் கொண்டுவந்திருக்கும் லேப்டாப் அரசு கொடுத்தது. 2011இல் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இலவச லேப்டாப் திட்டம் ஆரம்பித்ததில் பின்னாளில் அவளுடைய அக்காவுக்கு வந்ததாம். பேட்டரி எப்போதோ போய்விட்டது. பிளக்கைப் பிடுங்கினால் உடனே அணைந்துவிடும். அதனால் அவள் எப்போதும் சுவரோர மேசையில், பிளக் பாயிண்ட்டுக்குப் பக்கத்தில். கூட இருப்பவள் முக்காடிட்ட ஒரு பெண், நெல்லைப் பக்கத்திலிருந்து பாட்டி வீட்டுக்கு வந்தவள்.

இருவரும் சிக்னல் விளக்கு மாதிரி வரிசையாக நாலு எல்.இ.டி. எரிய வைக்கிறார்கள். முதல் இரண்டு எரிகிறது. அடுத்த இரண்டு எரியவில்லை. மற்ற மேசைகள் முடித்துவிட்டன.

முதலில் புரோகிராமைச் சந்தேகப்பட்டார்கள். வரி வரியாகப் பார்த்தார்கள், சரி. எல்.இ.டி. செத்திருக்கும் என்றாள் ஒருத்தி. மூன்றாவதைப் பிடுங்கி முதலாவது இருந்த இடத்தில் செருகினார்கள், எரிந்தது. அப்படியானால் எல்.இ.டி. நல்லது. ரெசிஸ்டர்? அதையும் இடம் மாற்றினார்கள், நல்லது. போர்டின் கால்? ஒயரை மாற்றினார்கள்; அதுவும் நல்லது. தனித்தனியாக எடுத்தால் எல்லாமே நல்லது. சேர்த்து வைத்தால் எரியவில்லை. நெற்றியில் வியர்வை, ஃபேன் அந்த மூலைக்கு எட்டாது. இரட்டைச் சடை பிரெட்போர்டையே முறைத்துக்கொண்டிருக்கிறாள்.

அக்கா பின்னால் வந்து நின்றாள். அவளுக்குக் காரணம் தெரிந்துவிட்டது என்பது அவள் முகத்தில் தெரிந்தது. கையிரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். ஒரு கையை மற்றொரு கை இறுகப் பிடித்திருந்தது. பின்பக்கமிருந்து பார்த்த எனக்குத்தான் அது தெரியும். “மீட்டர் வெச்சுப் பாத்தீங்களா?” என்று மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்தாள்.

மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் இடத்துக்குத் திருப்பினார்கள். இரண்டு முனையும் தொட்டால் பீப் அடிக்கும். பிரெட்போர்டு ஓட்டைக்குள் மீட்டர் முனை நுழையாது. ஒரு ஜம்பர் ஒயரைச் செருகி, அதன் மறுநுனியில் முனையை வைக்க வேண்டும் என்று கண்டுபிடிக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுக்கொண்டே வந்தார்கள். பீப். பீப். பீப். ஓரத்தில் நீளமாக ஓடும் நீலக்கோட்டு வரிசைதான் கிரவுண்டு. அதன் இடது பாதியில் வைத்தால் பீப். வலது பாதியில் வைத்தால் சத்தமில்லை. மறுபடியும் வைத்தார்கள். சத்தமில்லை.

முக்காடு போட்டவள் குனிந்து கண்ணை ஒட்டினாள். “ஏட்டி, இங்க கோடு விட்டிருக்கு பாரு.”

நடுவில் நீலக்கோடு கடுகளவு அறுந்திருந்தது. சிலவகைப் பிரெட்போர்டுகளில் ஓர வரிசை முழுநீளத்துக்கும் ஒன்றல்ல. நடுவில் இரண்டாகப் பிரித்திருப்பார்கள். அந்த இடைவெளிதான் அச்சிட்ட கோட்டில் அடையாளம். இந்த ஒரு மேசைக்கு அந்த வகை வந்திருக்கிறது. ஒரு சின்ன ஒயரை எடுத்து அறுந்த இடத்தின் இரண்டு பக்கமும் செருகினாள். நாலும் எரிந்தது.

கை தட்டவில்லை, கூச்சலும் போடவில்லை. இரட்டைச் சடை அந்த ஒயரைப் பிடுங்கினாள். இரண்டு அணைந்தது. செருகினாள். எரிந்தது. மறுபடி பிடுங்கினாள். வேலை செய்கிறது என்று தெரிந்தபின் அதையே திரும்ப உடைத்துப் பார்க்கிறாளே, அவளுக்கு நான் அந்த நிமிஷமே நூற்றுக்கு நூறு போட்டுவிட்டேன். காரணம் அதுதானா, தற்செயலா என்று உறுதி செய்துகொள்கிறாள். இதைத்தான் ஆராய்ச்சி என்று பெரிய இடங்களில் செய்கிறார்கள். அக்கா முதலிலேயே குனிந்து அந்த ஒயரைச் செருகியிருந்தால் அரை நிமிஷத்தில் விளக்கு எரிந்திருக்கும். வேறொன்றும் நடந்திருக்காது.

இன்னொரு மூலையில் பஸ்ஸர் அலறிக்கொண்டிருக்கிறது. பட்டனை அமுக்கினால்தான் அடிக்க வேண்டும், அமுக்காமலே அடிக்கிறது. அந்த மேசையில் இருப்பவன் வகுப்பில் முதல் மாணவன் என்பதைப் பேச்சிலேயே கண்டுபிடித்துவிடலாம். “கோடிங் கரெக்ட்டாத்தாண்ணா இருக்கு. எரரே வரல. போர்டுதான் கோளாறு.” அண்ணா போர்டை மாற்றிக் கொடுத்தான். அதுவும் அலறியது.

“அந்த இஃப் வரியைச் சத்தமா வாசி.”

வாசித்தான். பட்டன் சமம் ஹை.

“நீ அதுகிட்ட கேக்குறியா, அதுக்குச் சொல்றியா?”

ஒற்றைச் சமக்குறி போட்டால், இந்த மதிப்பை வைத்துக்கொள் என்று மெஷினுக்குச் சொல்வதாக அர்த்தம். இரட்டைச் சமக்குறி போட்டால்தான், இரண்டும் ஒன்றா என்று கேட்பதாக அர்த்தம். அவன் ஒற்றை போட்டிருக்கிறான். மெஷின் மறு பேச்சில்லாமல் வைத்துக்கொண்டது. இலக்கணப் பிழை இல்லாததால் எரரும் வரவில்லை. பையன் முகம் சிவந்தது. பள்ளியில் அவன் விடை தப்பானால் சிவப்பு மை, மார்க் போனது போனதுதான். இங்கே இன்னொரு சமக்குறி தட்டி மறுபடி ஏற்றினான்; பஸ்ஸர் வாயை மூடியது. லேப் மொத்தமும் ஓவென்று கத்தியது. அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

1967இல் குழந்தைகளுக்கென்றே லோகோ என்ற கணினி மொழியைச் சகாக்களோடு உருவாக்கியவர் செய்மூர் பேப்பர்ட். புரோகிராம் எழுதும் பிள்ளை தன் வேலையைச் சரியா தப்பா என்று தீர்ப்பிட்டு ஒதுங்காது, இதைச் சரிசெய்ய முடியுமா என்றுதான் பார்க்கும். அந்தப் பழக்கம் மற்ற படிப்புக்கும் பரவினால் பிள்ளைகளுக்குத் தப்பைக் கண்டு வருகிற பயம் குறையும் என்று அவர் வாதாடினார். அவர் சொன்ன எல்லாம் பள்ளிக்கூடங்களில் பலித்ததாகச் சொல்ல முடியாது. ஆனால் இந்த ஒன்று, முகாமின் முதல் வாரத்துக்குள் பிள்ளைகள் உட்காரும் விதத்திலேயே தெரிந்தது. தப்பு வந்தால் பேப்பரைக் கையால் மறைக்கிறவர்கள், இப்போது திரையை அடுத்தவர் பக்கம் திருப்பிக் காட்டுகிறார்கள்.

தமிழ்வழியில் படிக்கும் ஒல்லிப் பையன் ஒருவன் தனி நோட்டு போட்டிருக்கிறான். திரையில் சிவப்பாக வரும் எரர் ஒவ்வொன்றையும் எழுத்துக்கூட்டி எழுதி, பக்கத்தில் தமிழில் மருந்து எழுதிக்கொள்கிறான். ‘அரைப்புள்ளி விட்டுப்போச்சு. அது காட்டுற வரியில் இருக்காது, மேல் வரியைப் பார்.’ ‘டபிள்யூ பெரிய எழுத்தா?’ நாலாம் நாள் ஆங்கிலப் பள்ளிப் பிள்ளைகளும் அந்த நோட்டைக் கேட்டு வந்தார்கள்.

அன்று மதியம் கரண்ட் போனது. ஜெனரேட்டர் ஹாஸ்டலுக்கு மட்டும்தானாம். ஃபேன் நின்றது, இரட்டைச் சடையின் லேப்டாப்பும் அணைந்தது. எழுதிய புரோகிராம் சேமிக்கவில்லை. அவள் தலையில் கை வைத்தாள். பக்கத்திலிருந்தவன் தன் பவர் பேங்கில் அவளுடைய போர்டைச் செருகிக் கொடுத்தான். நாலு விளக்கும் முதலிலிருந்து வேலையைத் தொடங்கின. போர்டுக்குள் போனது கரண்ட் போனாலும் அழியாது என்பதைப் பாடத்தில் சொல்லியிருந்தார்கள். ஆனாலும் அவள் பிடுங்கிச் செருகி, பிடுங்கிச் செருகிப் பார்த்தாள்.

இரண்டாம் வாரம் ஈயம் பற்றவைப்பு. அதற்கு அண்ணா, அக்காக்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். லேப் அசிஸ்டெண்ட் சார் வந்தார். ஓய்வு பெறும் வயசு, சட்டைப் பையில் டெஸ்டர். அதிகம் பேசாதவர். “ஈயத்தைக் கொண்டுபோய் அயர்ன்ல வைக்காதீங்க. காலும் சூடாகணும், அடியில இருக்கிற செம்பும் சூடாகணும். ரெண்டும் சூடாச்சுன்னா ஈயம் தானா ஓடும்.” ஒன்று வைத்துக் காட்டினார். ரோசின் புகை மெல்ல எழுந்தது. ஈயம் காலைச் சுற்றிப் பளபளவென்று சரிந்து உட்கார்ந்தது. பிள்ளைகள் வைத்ததெல்லாம் முதலில் மங்கலான உருண்டை. அவர் ஒன்றையும் திருத்தித் தரவில்லை. விரல் நகத்தால் தட்டிக் கழற்றிப் போட்டுவிட்டு, “இன்னொண்ணு வைங்க” என்றார். இரட்டைச் சடைக்கு மட்டும் இரண்டாவதே சரியாக வந்தது. “எங்கேம்மா பழகின?” என்று கேட்டார். “எங்கப்பா மோட்டார் காயில் கட்டுறாங்க சார். வீட்ல வெச்சு செய்யறப்ப பாத்திருக்கேன். கடைக்கெல்லாம் அண்ணன்தான் போவான்.” சார் தலையாட்டினார்.

அல்ட்ராசோனிக் சென்சார் அன்றுதான் கைக்கு வந்தது. இரண்டு கண் வைத்த பொம்மை போன்ற சின்னப் பலகை. ஒரு கண் 40 கிலோஹெர்ட்ஸில் ஒலி அனுப்பும். நமக்குக் கேட்பது 20 வரைதான். எதிரே பட்டுத் திரும்புவதை மற்றக் கண் வாங்கும். போய்வர ஆன நேரத்தை ஒலியின் வேகத்தால் பெருக்கி, பாதியாக்கினால் தூரம். பாதியாக்க மறந்த மேசைகளில் பிள்ளைகள் பத்தடி உயரம் வளர்ந்தார்கள். துப்பட்டாவை நீட்டினால் சென்சார் தடுமாறுகிறது என்பதை ஒருத்தி கண்டுபிடித்தாள். துணி ஒலியை விழுங்கிவிடுகிறது. நோட்டு அட்டையைக் காட்டினால் துல்லியம்.

மனசை உறுத்துவது ஒன்றும் உண்டு. ரோபோ கிட்டைக் கையில் கொடுத்து, படம் பார்த்து முடுக்கவைத்து, ஓடவிட்டு, சான்றிதழும் போட்டோவும் தந்து அனுப்புகிற முகாம்கள் ஊருக்கு ஊர் வந்துவிட்டன. அங்கே ஒன்றும் கெடாது. கெடாத இடத்தில் பிள்ளைகள் என்ன தேடுவார்கள்? இன்னொரு பக்கம் பார்த்தால், பள்ளிக்கூடங்களில் பொருளே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2016இல் தொடங்கிய அடல் டிங்கரிங் லேப் திட்டத்தில் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை உள்ள பள்ளிகளுக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம். ஆயிரக்கணக்கான பள்ளிகளில் இதே ஆர்டுயினோ, இதே சென்சார் வந்து இறங்கியிருக்கிறது. அதில் சில அலமாரிகளை நேரில் பார்த்திருக்கிறேன். பிளாஸ்டிக் உறைகூடப் பிரியவில்லை. ஆய்வுக்கு வருகிறவர் எண்ணிப் பார்க்கும்போது ஒன்று குறைந்தால் யார் பதில் சொல்வது என்று ஆசிரியர்கள் பயப்படுகிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. எரிந்துபோன எல்.இ.டி.க்குக் கணக்கு எழுத ஒரு பத்தியை அந்த ஸ்டாக் ரிஜிஸ்டரில் சேர்த்துக் கொடுத்தால் பாதிப் பூட்டு திறந்துவிடும். மே மாதத்தில் சாவியையும் பிள்ளைகளை நம்பிக் கொடுக்கலாம்.

கடைசி நாள் பெற்றோர் வந்திருந்தார்கள். மேசைக்கு மேசை ஏதோ ஒன்று ஓடுகிறது. கதவைத் திறந்தால் கத்தும் பெட்டி. செடித் தொட்டியில் ஈரம் குறைந்தால் எரியும் விளக்கு. இரட்டைச் சடையும் முக்காடிட்டவளும் செய்திருப்பது தண்ணீர்த் தொட்டி. பிளாஸ்டிக் வாளி, மேலே சென்சார், பக்கத்தில் பொம்மைக்குப் போடுகிற அளவில் ஒரு சின்ன மோட்டார். தண்ணீர் ஏறி ஏறி வந்து, குறித்த மட்டத்தைத் தொட்டதும் ரிலே டிக்கென்று அடித்து மோட்டார் நிற்கிறது. பார்க்கிறவர்கள் எல்லோரும், ‘நம்ம வீட்டுக்கு மாட்டிரலாம் போலயே’ என்கிறார்கள். “மாட்டக் கூடாது அத்தை” என்கிறாள் முக்காடிட்டவள். “தொட்டிக்குள்ள ஆவி படிஞ்சா இந்தச் சென்சார் போயிரும். தண்ணி புகாத வகை ஒண்ணு இருக்கு. ஆனா இருபது சென்டிமீட்டருக்குக் கிட்ட வந்துட்டா அதுக்குத் தெரியாது. அதனால உயரத்துல வைக்கணும்.” வந்த அம்மாவுக்கு அது புரிந்ததோ இல்லையோ, நின்று கேட்டார்.

காயில் கட்டுகிற அப்பா கொஞ்சம் தாமதமாக, கடையிலிருந்து நேராக வந்தார். விரல் நுனிகளில் வார்னிஷ் கறை. வாளியைப் பார்க்கவில்லை. குனிந்து ரிலேவின் முதுகில் எழுதியிருப்பதைப் படித்தார்.

“இது பத்து ஆம்பியர்தானே பாப்பா?”

“ஆமாப்பா. நம்ம மோட்டார் ஒரு எச்.பி. ஏழு ஆம்பியர்தான எடுக்கும்?”

“ஓடுறப்ப ஏழு. கிளம்புறப்ப அஞ்சாறு மடங்கு இழுக்கும். பாயின்ட் ஒட்டிக்கிடும்.”

“ஒட்டிக்கிட்டா?”

“நீ ஆஃப் பண்ணச் சொன்னாலும் ஆஃப் ஆகாது. தண்ணி வழியும்.”

அவள் நோட்டைத் திறந்து அந்தப் பக்கத்தில் ஒரு கோடு இழுத்தாள். கூட நின்றவளும் எட்டிப் பார்த்தாள். முன்னால் மைக்கில் சான்றிதழ் வாங்கப் பெயர்களை வாசிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

“அப்ப காண்டாக்டர் போடணுமாப்பா?”

“ஆமா. இந்த ரிலே காண்டாக்டர் காயிலை மட்டும் இழுக்கட்டும். காண்டாக்டர் மோட்டாரை இழுக்கும்.”

“அந்தக் காயிலுக்கு எவ்வளவு ஆம்பியர்?”

அவர் யோசித்தார். “அளந்து பாத்ததில்ல. நாளைக்குக் கடைக்கு வா. மீட்டர் வெச்சுப் பாத்திருவோம்.”

“காலைலயா?”

“ஒம்பது மணிக்கு. அந்தப் போர்டையும் கொண்டுட்டு வா.”